பிரிவு ஆறு: காயம் பட்ட இடம்

முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என
இரண்டு மனித உருவம் அச்சடித்திருக்கிறார்கள்.
முகமில்லை. விரல்களைக்கூடப் பிரித்து வரையவில்லை.
காயம் பட்ட இடத்தில் பெருக்கல் குறி இடவும்.

குணாளன் பேனாவைத் திறந்தார்.
மூடினார்.
எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.
போன தடவை தலையில் போட்டோம்.
தலையில் அடிபட்டதற்கு எக்ஸ்ரே எங்கே என்று
கேட்டு எழுதியிருந்தார்கள்.

இது இரண்டாம் மேல்முறையீடு.
முதலாவதற்கு வந்த பதிலில் ஒரு வரி
எனக்கு மனப்பாடம்:
பணியின் விளைவாக ஏற்பட்டது எனக் கருத இயலவில்லை.
கீழே கையெழுத்து இல்லை.
கணினி தயாரித்த கடிதமாம்,
கையெழுத்து தேவையில்லையாம்.

பதினேழு நாள்.
அலை வந்து போன ஓர் அந்நியக் கரையில்
இவருடைய பிரிவைக் கொண்டுபோய் இறக்கினார்கள்.
சேற்றை வழித்தார்கள், பாதை போட்டார்கள்,
குடிநீர்க் குழாய் இழுத்தார்கள்.
எல்லாம் நற்சான்றிதழில் இருக்கிறது,
சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம்.
பள்ளிக்கூடத்தின் பின்னால் போய்
எண்ணிவிட்டு வா என்று ஒருவர் சொன்னது
அதில் இல்லை.

எத்தனை என்று என்னிடமும் சொன்னதில்லை.

ஈசூனில், எங்கள் ஒன்பதாம் மாடித் தாழ்வாரத்தில்
பதினோரு வீடு.
விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து
ஒவ்வொரு வாசலாய்க் குனிந்து
சின்னச் செருப்புகளை மட்டும் எண்ணுகிறார்.
கவிழ்ந்து கிடப்பதை நிமிர்த்துகிறார்.
ஒற்றையாய்க் கிடந்தால்
இன்னொன்று கிடைக்கும்வரை உள்ளே வரமாட்டார்.
ஒரு மழை நாளில் மாடிப்படியெல்லாம் இறங்கித் தேடி
குப்பைத் தொட்டியடியில் கண்டெடுத்துக்
கழுவிக் கொண்டுவந்து வைத்தார்.
புதிதாய்க் குடிவந்தவர் போலீசுக்குச் சொல்லிவிட்டார்.
வந்த பையனுக்கு இருபது வயதிருக்கும்,
தேசிய சேவையில் இருப்பவன் போல.
இவர் அவனுக்கு விறைப்பாய் நின்று பதில் சொன்னார்.

வாரியத்தில் மருத்துவர் கேட்டார்:
அதற்குப் பிறகு இரண்டு முறை பதவி உயர்வு,
விடுப்புகூட எடுக்கவில்லை,
எப்படி?
"பூட்ஸுக்கு நல்லா பாலிஷ் போடுவேன் சார்."
அவர் அதை எழுதிக்கொண்டார்.
அன்றும் பளபளவென்றுதான் போட்டுப் போயிருந்தார்,
எனக்குத்தான் ஆத்திரம்.
ஒரு நாளாவது அழுக்காய்ப் போகக்கூடாதா?

போனதற்கு ஆவணம் உண்டு.
பயண உத்தரவு, தடுப்பூசி அட்டை, பதக்கம்.
திரும்பி வராததற்கு
எந்தக் கவுண்டரில் சான்று வாங்குவது?

எதிர்வீட்டு ரொக்கியா அக்காவிடம் கேட்டேன்.
மலாயில், பள்ளி நோட்டுத் தாளில்
நான்கு வரி எழுதித் தந்தார்:
இவர் என் பேரனின் காலணிகளை நேராக வைக்கிறார்.
எதையும் எடுத்ததில்லை.
பேரன் இப்போது எங்களோடு இல்லை, அவன் அம்மாவிடம் போய்விட்டான்.
காலணியை நான் உள்ளே எடுக்கவில்லை.
இணைப்பு ஏழு என்று எண் போட்டுச் சேர்த்தேன்.

விண்ணப்பதாரருக்கு உதவியவர்: அமலோற்பவம்.
உறவு: மனைவி.
தொழில்: பள்ளிச் சிற்றுண்டிச்சாலை.
இவ்வளவும் நான் நிரப்பிவிட்டேன்.
பிரிவு ஆறு மட்டும் பாக்கி,
கெடு நாளை மறுநாள்.

மேலே விமானங்கள் போயின,
தேசிய தின ஒத்திகை.
குளியலறைக் கதவடைத்துக் குழாயைத் திறந்து
சத்தம் ஓயும்வரை இருந்துவிட்டு
ஈரக் கையோடு வந்து உட்கார்ந்தார்.
படத்தைப் பார்த்தார்.

"இந்த ஆளுக்குச் செருப்பில்லை."

பதினான்கு வருடத்தில்
அந்தக் கரையைப் பற்றி என்னிடம் சொன்னது
அவ்வளவுதான்.
பிறகு குறி போட்டார்,
உடம்பில் இல்லை,
பாதத்துக்குக் கீழே, கோட்டுக்கு வெளியே,
தாளின் விளிம்பில்.
நான் திருத்தவில்லை.

நூலகத்தில் நகலெடுத்தேன்.
இயந்திரம் ஓரத்தை வெட்டிவிட்டது,
குறி விழவில்லை.
தாளைச் சற்று மேலே நகர்த்தி வைத்து
மறுபடி எடுத்தேன்.
சில்லறை இருந்தது.